முன்வரிசையில் நாலு நாற்காலி

மூவாயிரம் பேரை ஏற்றிக்கொண்டு போகிற அந்தக் கப்பல், தனக்கென்றே விலைக்கு வாங்கி வைத்திருந்த குட்டித் தீவின் கரையில் எண்ணூறு சாய்வு நாற்காலிதான் போட்டிருக்கிறது என்கிற செய்தி, சுற்றுலா வந்திருந்த கிருபாபுரம் சபையார் நாற்பத்திரண்டு பேருக்கும் முந்தின நாள் சாயங்கால ஜெபம் முடிகிற நேரத்தில் தெரிந்துபோயிற்று. தெரிந்த பிறகும் ஒருத்தர்கூடக் கவலைப்படவில்லை. ஏனென்றால் அவர்களோடு ஜெயசீலி வந்திருந்தாள்.

இடம் பிடிப்பதில் ஜெயசீலியை மிஞ்ச ஆள் கிடையாது. கிறிஸ்துமஸ் அன்று காலை நாலு மணி ஆராதனைக்கு மூன்றரைக்கே போய், ஒரு பெஞ்சு முழுக்கப் பாட்டுப் புத்தகம், குடை, கைக்குட்டை, குழந்தைத் தொப்பி என்று வரிசையாக வைத்து, ஏழு பேர் குடும்பத்துக்கும் அதற்கு மேல் இரண்டு பேருக்கும் இடம் பிடித்துவிடுவாள். பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி நுழைந்து வளைகிறபோதே கூட ஓடி ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்தாளானால், அது உள்ளே போய் ஜன்னலோரச் சீட்டில் கையால் விரித்த மாதிரி விழும். யாராவது வந்து இங்கே உட்காரலாமா என்று கேட்டால், "ஆள் வருது" என்பாள். அதட்டிச் சொல்ல மாட்டாள். சிரித்த முகத்தோடு, ஜெபத்துக்கு ஆமென் சொல்வதுபோலத் தாழ்ந்த குரலில் சொல்லுவாள், அதனாலேயே ஐம்பத்தொன்பது வயசுவரை ஒருத்தரும் அவளிடம் மறுபேச்சுப் பேசினதில்லை.

காலை ஏழேகாலுக்கு முதல் படகில் அவள் தீவில் இறங்கினாள். கணவர் தவமணிக்குச் சர்க்கரை, சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார். ஓரகத்தி எமிலி மட்டும் கூட வந்தாள், பை தூக்க. எமிலி தவமணியின் தம்பி பெண்சாதி. முப்பது வருஷமாக ஒரே காம்பவுண்டில் குடியிருந்தும் ஜெயசீலியோடு ஒரு நாளும் முகம் சுளித்துப் பேசாதவள்.

முன்வரிசையில், குடையின் கீழ், அலை வந்து காலைத் தொட்டுவிட்டுப் போகிற இடத்தில் ஜெயசீலி நாற்பத்தாறு நாற்காலி பிடித்தாள். துண்டு தீர்ந்ததும் கைக்குட்டை போட்டாள், கைக்குட்டை தீர்ந்ததும் முறுக்கு டப்பாவின் மூடியை வைத்தாள்.

"அக்கா, நாப்பத்திரண்டு பேருதான?" என்றாள் எமிலி.

"பை வைக்க வேண்டாமா? மணல்ல போட்டா பூச்சி ஏறும்."

எட்டரை மணிக்குக் கரை நிரம்பிவிட்டது. ஒரு வெள்ளைக்காரப் பெண், கைத்தடி ஊன்றிய தன் அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு வந்து, ஓரத்தில் இருந்த நாலு வெறும் நாற்காலியைக் காட்டி என்னவோ கேட்டாள். ஜெயசீலிக்கு இங்கிலீஷ் வராது. ஆனாலும் இந்தக் கேள்வி எந்தப் பாஷையில் கேட்டாலும் அவளுக்குப் புரியும். "கமிங், கமிங்," என்றாள் சிரித்துக்கொண்டே. அந்தப் பெரியவர் தலையாட்டிவிட்டு, வெயிலில், தடியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் கடலுக்குள்ளிருந்து ஒருத்தர் நடந்து வந்தார். குளித்துவிட்டு வருகிறவர் மாதிரி இல்லை. முழுக்கைச் சட்டை, வேட்டி, கையில் ஒரு மஞ்சள் பை, எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நேரே ஜெயசீலியிடம் வந்து கும்பிட்டார்.

"லேட்டாயிட்டுக்கா, மன்னிச்சுக்கிடுங்க. எம் எடம் எது?"

"நீங்க யாருய்யா?"

"நீங்கதான சொன்னீங்க? திருச்செந்தூர் பஸ்ஸு, ஜன்னலோரம். எந் தம்பி வாரான்னு சொன்னீங்க."

"எனக்குத் தம்பியே கிடையாதே!"

"ஆமாக்கா," என்றார் அவர் வருத்தமாக. "அதனாலதான் வந்து சேர இவ்வளவு நேரமாயிட்டு."

அவர் ஓர நாற்காலியில் உட்கார்ந்தார். சாயவில்லை. நுனியில், முழங்கால் சேர்த்து, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பிள்ளைத்தாச்சி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அலையை மிதித்து மிதித்து வந்தாள். அவளுக்குப் பின்னால் காலில் மாவுக்கட்டு போட்ட ஒருத்தர் நொண்டிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் பள்ளிக்கூடச் சீருடையில் மூன்று பிள்ளைகள், அதற்குப் பின்னால் சும்மா ஆட்கள். ஆள் வருது என்று மட்டும் சொல்லி, எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லாமல் விட்டதனால், ஆணா பெண்ணா கறுப்பா சிவப்பா என்று ஒன்றும் தீர்மானமாகாத முகத்தோடு வந்தவர்கள். நாற்பது வருஷத்தில் எந்த எந்த இடத்துக்கு யாருமே வரப்போவதில்லை என்று தெரிந்தும் ஜெயசீலி ஆள் வருது என்று சொல்லியிருந்தாளோ, அந்த அந்த இடத்துக்கான ஆள் ஒவ்வொருத்தராக வந்தார்கள், ஒவ்வொருத்தரும் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார்கள், கேட்டுவிட்டு உட்கார்ந்தார்கள்.

பத்து மணிக்குள் அறுபது பேருக்கு மேல் ஆகிவிட்டது. நாலு நாற்காலி போதாமல் சபையார் நாற்காலிகளில் பலவும் போயின, ஒரே நாற்காலியில் இரண்டு பேராகவும் உட்கார்ந்தார்கள்.

கரைக்குப் பொறுப்பாக இருந்த வர்கீஸ் என்கிற மலையாளி, காக்கி அரைக்கால் சட்டையும் விசிலுமாக வந்து பார்த்தார். அரை மணி நேரம் ஆளில்லாமல் கிடக்கிற நாற்காலியில் கிடக்கும் துண்டை எடுத்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆனால் ஆள் வந்துவிட்டது. முப்பது வருஷம் தாமதமாக வந்தால் என்ன செய்வது என்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை.

"கப்பல் கார்டு இல்லாத்தவருக்கு ஜூஸ் இல்லம்மா, சேர் உண்டு," என்றார். பிறகு ஜெயசீலி பக்கத்தில் குனிந்து, "இனியும் எத்தன பேர் வரும்? சொன்னா குடைக்கு ஏற்பாடு செய்யாம்," என்று மரியாதையாகக் கேட்டார்.

வெளிநாட்டுக்காரர்கள் இதைக் கப்பல்காரர்கள் நடத்துகிற நிகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள். கைதட்டினார்கள், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு அம்மாள் பிள்ளைத்தாச்சியின் கையில் வெயில் களிம்பு தேய்த்துவிட்டாள். மாவுக்கட்டுக்காரருக்குச் சக்கர நாற்காலி வந்தது. தடி ஊன்றிய பெரியவருக்கு இன்னும் இடம் கிடைக்காததைப் பார்த்துத் தவமணி தன்னுடைய நாற்காலியை விட்டு எழுந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுப் பெண்சாதியை ஒரு பார்வை பார்த்தார். அதற்கு வாய் திறந்து ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று ஜெயசீலிக்கு இருந்தது.

சபைப் பெண்கள் முதலில் சிரித்தார்கள். வாய்த்துடுக்கான டெய்சி, "ஏக்கா, ஒங்களுக்குன்னு கவர்மெண்டு ஒரு தனி பஸ்ஸே விட்டிருக்கலாம் போலுக்கே!" என்றாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு, விருந்தாளி என்று வந்தபின் பட்டினியாக விடக்கூடாது என்று முறுக்கும் கருப்பட்டி மிட்டாயும் எடுத்துக் கொடுத்து, ஊர் வழக்கப்படி விசாரிக்கத் தொடங்கினார்கள்.

"எந்த ஊரும்மா ஒனக்கு?" என்று பிள்ளைத்தாச்சியைக் கேட்டாள் டெய்சி.

"ஊரு சொல்லலியே அவங்க."

"மாப்பிள்ளை எங்க இருக்காரு?"

"அதும் சொல்லல. பிள்ளைத்தாச்சி வருதுன்னு மட்டுந்தான் சொன்னாங்க." அவள் வயிற்றைத் தடவினாள். "எத்தனை மாசம்னுகூடச் சொல்லல, பாத்துக்கிடுங்க. இருபத்தெட்டு வருசமா இப்படியே இருக்கேன்."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. டெய்சி தன் முறுக்கு டப்பாவை மூடினாள். மெதுவாகத் திரும்பிக் கடலைப் பார்த்தாள், தன்னுடைய ஆட்கள் யாராவது வருகிறார்களா என்று. பிறகு, கைப்பை வைத்திருந்த பக்கத்து நாற்காலியிலிருந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்து அடுத்தவள் தன் துண்டை எடுத்தாள். அதற்கடுத்தவள் செருப்பை எடுத்தாள். ஒருத்தரும் ஒருத்தரிடமும் ஒன்றும் சொல்லாமலே, கரை நெடுக, மூடி, தொப்பி, புத்தகம் என்று ஒவ்வொன்றாக நாற்காலியை விட்டு இறங்கின. கப்பல் சிப்பந்திகள் அத்தனை வருஷ வேலையில் பார்த்திராத விதமாக, பத்தரை மணிக்கு முன்வரிசையில் இடம் காலியானது.

குருவானவரின் மனைவி ஐயரம்மா, ஜெபம் பண்ணுவோம் என்றார். எழுந்து நின்ற பிறகுதான் அவருக்கு, இந்த ஆட்கள் போகவேண்டும் என்று கேட்பதா, இருக்கவேண்டும் என்று கேட்பதா என்று குழப்பம் வந்தது. அதனால் பொதுவாகப் பரமண்டல ஜெபத்தைச் சொன்னார். கடலிலிருந்து வந்தவர்களும் தலைகுனிந்து கூடவே சொன்னார்கள். சபையாரைவிடச் சத்தமாக ஆமென் சொன்னார்கள்.

ஜெயசீலி மட்டும் கண்ணை மூடவில்லை. வந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு ஆள் வரவில்லை.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி மாசம், கன்வென்ஷன் பந்தலில், பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில், எமிலியின் அம்மா செல்லபாய் மூட்டுவலியோடு வந்து நின்று, "மக்ளே, இதுல யாரும் இருக்காங்களா?" என்று கேட்டார்கள். ஜெயசீலி சிரித்த முகமாக, அப்போதைய குருவானவரின் தாயாரைச் சொல்லி, "ஐயரோட அம்மா வாராங்க. வயசானவங்க, மெதுவாத்தான் வருவாங்க," என்றாள். செல்லபாய் பந்தலுக்கு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார்கள். மழை வந்தது. கூட்டம் முடிகிறவரை நனைந்துகொண்டே பிரசங்கம் கேட்டார்கள். காய்ச்சல் கண்டு ஒன்பதாம் நாள் இறந்துபோனார்கள். மழையினால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் துட்டி வீட்டில் சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அப்போது எமிலி, அழுது வீங்கின முகத்தோடு எழுந்து, "அக்கா என்ன செய்வாங்க? ஐயரோட அம்மாவுக்குப் பிடிச்சு வச்ச எடத்த எப்படிக் குடுக்க முடியும்? அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க," என்று எல்லார் வாயையும் அடைத்தாள்.

அந்த வார்த்தையின் நிழலில்தான் ஜெயசீலி இருபத்திரண்டு வருஷமாகக் குடியிருந்தாள். தினமும் காலையில் முழங்கால் போட்டு எல்லாருக்காகவும் ஜெபிப்பாள், எமிலியின் பெயர் வரும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

இப்போது கடலில், வெகு தூரத்தில், வெள்ளைச் சேலை கட்டின ஒரு உருவம் தெரிந்தது.

மெதுவாகத்தான் வந்தது. மற்றவர்கள் நாலெட்டில் கடந்த தண்ணீரை அது ஒரு அடி வைப்பதும் நிற்பதுமாகக் கடந்தது. மெதுவாத்தான் வருவாங்க என்று சொன்னது தன் வாய்தான் என்று ஜெயசீலிக்கு ஞாபகம் வந்தது. அந்த மெதுநடை இப்போது அவளுக்குக் கிடைத்த அவகாசம். கரையில் சேர்வதற்குள் எமிலியைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். இல்லாவிட்டால் தலைவலி என்று சொல்லி அவளை அடுத்த படகிலேயே கப்பலுக்குக் கூட்டிப் போய்விடலாம். கூட்டிப் போய்விடலாம் என்கிற யோசனைதான் முதலில் வந்தது. அதற்கான பொய்யும் நாக்கு நுனிக்குத் தயாராக வந்து நின்றது. அது அவ்வளவு சுலபமாக வந்ததைப் பார்த்து அவளுக்கே உடம்பு கூசியது.

அதற்குள் எமிலி அந்த உருவத்தைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "ஐயோ, வயசானவங்க, அலை தள்ளிரும்," என்று தண்ணீருக்குள் இறங்கி ஓடினாள்.

ஜெயசீலியும் ஓடினாள். பஸ்ஸுக்குப் பின்னால் ஓடின கால்தான், ஆனால் மணலும் தண்ணீரும் அவளை விடவில்லை. அவள் போய்ச் சேர்கிறபோது எமிலி அந்த அம்மாளின் கையைப் பிடித்திருந்தாள். முழங்கால் தண்ணீரில் மூன்று பேரும் நின்றார்கள்.

"பந்தலுக்கு இப்படிப் போகலாமாம்மா?" என்று அந்த அம்மாள் எமிலியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "மூணாவது வரிசை. எனக்கு ஒரு நாற்காலி பிடிச்சு வச்சிருக்காங்க. ஐயரோட அம்மான்னு சொன்னாத் தெரியும்."

எமிலி அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஐயரோட அம்மாவ நான் பாத்திருக்கேனே. குட்டையா, மூக்குத்தி போட்டிருப்பாங்க. இவங்க இல்லியேக்கா."

"எமிலி, நாஞ் சொல்லுதேன். இவங்க சொல்லி நீ கேக்க வேண்டாம். நானே சொல்லுதேன்." ஜெயசீலிக்கு மூச்சு வாங்கியது. "ஐயரோட அம்மா அன்னைக்கு வாரதா இல்ல. அவங்க ஊர்லயே இல்ல. எனக்கு அது தெரியும். தெரிஞ்சேதான் ஒங்க அம்மாகிட்ட சொன்னேன்."

"யாருமே வாரதா இல்லியா?"

"இல்ல."

"அப்ப அந்த நாற்காலில என்னக்கா இருந்துச்சு?"

பொய் சொல்லிப் பழகின வாய்க்கு உண்மையைச் சொல்லத் தெரியவில்லை, துண்டு துண்டாக வந்தது. "ரெண்டு தூக்குவாளி. எவர்சில்வர். கடையில வாங்கினது. கீழ... ஒரே சகதியாக் கெடந்துச்சு."

"தூக்குவாளி," என்றாள் எமிலி.

ஒரு அலை வந்து மூன்று பேரின் சேலையையும் இழுத்துவிட்டுப் போனது. எமிலி திட்டவில்லை, அழவுமில்லை. வேறு யாரிடமோ சொல்வதுபோல, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா காய்ச்சல்ல கெடந்தப்போ நான் சொன்னேங்க்கா. 'ஒங்க எடத்துல ஐயரோட அம்மாதான் உக்காந்தாங்கம்மா'ன்னு. அம்மா சந்தோசப்பட்டாங்க. 'நல்லதாப் போச்சு மக்ளே, பெரியவங்க, நின்னிருக்க முடியாது'ன்னாங்க. சாகுற வரைக்கும் அதச் சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க."

ஜெயசீலி வாயைப் பொத்திக்கொண்டாள்.

எமிலி அந்த வெள்ளைச் சேலை அம்மாளின் கையை இன்னும் விட்டிருக்கவில்லை. "மெதுவா வாங்கம்மா, கீழ பாசி வழுக்கும்," என்று அவர்களைக் கரைக்கு நடத்திக்கொண்டு போனாள். தன்னுடைய நாற்காலியில் உட்காரவைத்தாள், தலை துவட்டிவிட்டாள், குடையை வெயிலுக்குத் தக்கபடி திருப்பித் திருப்பி வைத்தாள், சாப்பாட்டு நேரத்தில் தன் கார்டைக் காட்டிச் சோறு வாங்கி வந்து பிசைந்து கொடுத்தாள். அன்று முழுவதும் அவள் அந்த அம்மாளை விட்டு நகரவில்லை. ஜெயசீலி இருந்த பக்கம் திரும்பவுமில்லை.

ஜெயசீலி நின்றாள். கரையெல்லாம் நாற்காலி காலியாகக் கிடந்தது. ஐயரம்மா வந்து உட்காரச் சொன்னார், தவமணி வந்து உட்காரச் சொன்னார், வர்கீஸ்கூட ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இரிக்கம்மா, இதுக்கு ஆள் இல்ல," என்றார். அவளுக்கு முழங்கால் மடங்கவில்லை.

மூன்று மணிக்குக் கப்பல் சங்கு ஊதியது. கடலிலிருந்து வந்தவர்கள் சத்தமில்லாமல் எழுந்தார்கள். துண்டுகளை நாலாக மடித்து நாற்காலியில் வைத்தார்கள். "எறங்குற எடம் வந்துட்டு," என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டு, வந்த மாதிரியே வரிசையாகத் தண்ணீருக்குள் நடந்தார்கள். பிள்ளைத்தாச்சி போகும்போது ஜெயசீலி அவள் காதில், "ஒம்பதாம் மாசம்," என்று சொன்னாள். அவள் நின்று, முதல்முறையாகச் சிரித்துவிட்டுப் போனாள். வெள்ளைச் சேலை அம்மாள்தான் கடைசி. எமிலி முழங்கால் தண்ணீர்வரை கூடப் போய்விட்டுத் திரும்பினாள்.

கடைசிப் படகு நிறையக் கூட்டம். பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எமிலி பின்பக்கம் ஒரு பெஞ்சின் ஓரத்தில் இருந்தாள். அந்தப் பெஞ்சின் மறு ஓரம்வரை காலியாகவே கிடந்தது, சபையார் யாரும் அங்கே உட்காரவில்லை. ஜெயசீலி ஏறி, வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

படகுக்காரர் என்னவோ சத்தம் போட்டார். ஒரு ஆள் நின்றாலும் படகை எடுக்கக்கூடாதாம். படகு முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள், கால் மட்டும் அசையவில்லை. தவமணி, "ஏளா," என்று தணிந்த குரலில் கெஞ்சினார்.

எமிலி கடலைப் பார்த்தபடியே சொன்னாள், "உக்காருங்கக்கா. எல்லாரும் போகணும்ல."

ஜெயசீலி போய்ப் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காருகிற அகலத்துக்கு இடம் இருந்தது. நெருக்கியடித்துக்கொண்டிருந்த அந்தப் படகில் அந்த இடத்தை ஒருத்தரும் கேட்கவில்லை, தள்ளி உட்காரச் சொல்லவுமில்லை.

படகு கிளம்பியது. ஜெயசீலி வழக்கம்போல ஜெபம் பண்ணக் கையைச் சேர்த்தாள். ஆண்டவரே என்று ஆரம்பித்தவள் அதோடு நிறுத்திவிட்டுக் கையைப் பிரித்தாள்.

"எமிலி," என்றாள்.

எமிலி திரும்பவில்லை. கப்பலுக்குப் போய்ச் சேர இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

"எமிலி," என்றாள் மறுபடியும்.